சிவப்புச் சீட்டு கட்டிய தொலைநோக்கி

என் பாவா பரசுராமன் இந்த உலகத்தை ஒரு கண்ணால்தான் பார்ப்பார். இன்னொரு கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் துணி சரிபார்க்கும் வேலை அவருக்கு. நெசவாளிகள் கொண்டுவரும் லுங்கியை மேசைமேல் விரிப்பார். தீப்பெட்டி அளவுள்ள பித்தளைச் சட்டத்தில் பொருத்திய பூதக்கண்ணாடியை அதன்மேல் வைப்பார். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் இழை எண்ணுவார். ஓர் அங்குலத்துக்கு இத்தனை இழை என்று கணக்கு உண்டு. சரியாக இருந்தால் வெள்ளைச் சீட்டு, குறைந்தால் சிவப்புச் சீட்டு. நாள் முழுக்க மூடிக் கிடந்த இடது கண், வீட்டுக்கு வந்த பிறகும் திறக்க மறந்துவிடும். கத்தரிக்காய் வாங்கும்போதும் அப்படித்தான். மூத்த மகளுக்கு நகரியில் மாப்பிள்ளை பார்க்கப் போனபோதும் அப்படித்தான். பையனை அவர் ஒற்றைக் கண்ணால் அளந்த அளவில், பையனின் அம்மா பொறுக்க முடியாமல், “இன்னா சம்பந்தி, எம் புள்ளைக்கு எத்தினி இழை குறையுது?” என்று கேட்டேவிட்டாள்.

பாவா என்றால் என் கணவரின் அண்ணன். தமிழும் தெலுங்கும் கலந்த எங்கள் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் கூப்பிட்டதில்லை. தம்பி மனைவி, கணவனின் அண்ணன் எதிரில் நின்று பேசக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவரும் என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார். ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஆனால் அவருக்கு நான் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் மனைவி, என் ஓரகத்தி, வரலட்சுமி அக்காவிடம் சொல்வேன். பாவா மூன்றடி தள்ளி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். இருந்தாலும் அக்கா ஒருமுறை திருப்பிச் சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்ததாகக் கணக்கு.

சங்கத்தில் நானும் உறுப்பினர். நம்பர் நூற்றுப் பதினான்கு. சனிக்கிழமைதோறும் நெய்த துணியை அவர் மேசையில் வைப்பேன், அவர் பார்ப்பார், சீட்டு வரும், நகர்ந்துவிடுவேன். பதினோரு வருடத்தில் இரண்டு முறை எனக்கும் சிவப்புச் சீட்டு கிடைத்திருக்கிறது. அந்த இரண்டு நாளும் வீட்டில் அவர் எல்லாருக்கும் முன்னால் சாப்பிட்டுவிட்டு, கோயில் பக்கம் காற்று வாங்கப் போய்விட்டார்.

இப்படித் துணியைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்காத மனிதருக்கு வானத்தின்மேல் கண் போனது 1980 பிப்ரவரியில், சூரிய கிரகணத்தன்று. மத்தியானம் ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. அக்கா ஊறுகாய் ஜாடி முதல் தண்ணீர்க் குடம் வரை தர்ப்பைப் புல்லைக் கிள்ளிப் போட்டுவிட்டு எங்களை உள்ளே உட்கார வைத்தாள். காலையில் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டிருந்த என் பாவு, அதாவது தறியில் ஏற்ற வேண்டிய நீளநூல், புங்க மரத்தடியில் சுருட்டாமல் அப்படியே நின்றது. காற்றில் நூல் அறுந்திருக்குமோ என்று பாவாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்கா கண் அசந்த நேரத்தில் கொல்லைக் கதவு வழியாக வெளியே போய்விட்டார்.

திரும்பி வந்தபோது முகமே வேறாக இருந்தது. மர இலைகளின் இடுக்கு வழியாகப் பாவின்மேல் விழும் வெயில் பொட்டுகள் எல்லாம் பிறைபிறையாக மாறியிருந்தனவாம். மனிதர் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்.

“முன்னூத்தி நாப்பது வரைக்கும் எண்ணினேன்டா. எல்லாம் ஒரே வளைவு. ஒண்ணுல கூட பிசிறு இல்லே. குறையே இல்லாத மாலு, என் சர்வீஸ்ல இன்னிக்கித்தான் பாத்தேன்” என்று தம்பியிடம் சொன்னார். மாலு என்றால் சங்கத்துப் பேச்சில் சரக்கு.

“அப்போ சூரியனுக்கு வெள்ளைச் சீட்டு குடுத்துட்டியாண்ணா?” என்றார் என் கணவர் கங்காதரன். அவர் எதையும் கேலியாகத்தான் கேட்பார்.

அந்த வருடக் கடைசியில் செய்தித்தாளில் சனிக் கிரகத்தின் படம் வந்தது. நடுவில் உருண்டை, அதைச் சுற்றி வளையம். பாவா அதன்மேல் தன் இழை எண்ணும் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். எதிரில் தெரிந்தது அச்சுப் புள்ளிகள் மட்டுமே. “வெறும் புள்ளி புள்ளியா கீது. இத்த எப்படி நம்பறது?” என்றார். எந்தச் சரக்கையும் தன் கண்ணால் பார்க்காமல் அவர் ஒப்புக்கொண்டதே கிடையாது. சனிக்கு வளையம் இருக்கிறதா இல்லையா என்று சொந்தக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அன்றிலிருந்து அவருக்கு ஒரே நினைப்பு. மகள்கள் இருவரையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. பீடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. தீபாவளி போனஸில் எடுத்து வைத்த நானூறு ரூபாய் பெட்டியில் இருந்தது.

அந்த நானூறு ரூபாய்க்கு அக்கா ஏற்கெனவே ஒரு சீலிங் ஃபேன் பார்த்து வைத்திருந்தாள்.

இரண்டரை வருடம் பாவா தொலைநோக்கி தேடினார். ஒரு லுங்கித் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு ரயிலேறி மெட்ராஸ் போவார். பொருட்காட்சியில் ஒரு கடைக்காரன் ஐநூறு மடங்கு பெரிதாகக் காட்டும் என்று ஒரு பிளாஸ்டிக் குழாயை நீட்டினான். பாவா லுங்கித் துண்டை என் கணவரிடம் கொடுத்துத் தூரத்தில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். கட்டங்களின் ஓரத்தில் நீலமும் சிவப்பும் கசிந்து தெரிந்தன. “சாயம் ஓடுதுப்பா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் கடைக்காரனுக்கு அது இன்னும் புரிந்திருக்காது.

மூர் மார்க்கெட்டில் ஒரு பித்தளைக் குழாய் கிடைத்தது. மூன்றாக மடங்கும், கப்பல்காரர்களுடையது என்றார்கள். பாவா கண்ணாடிக்குள் இருந்த குமிழிகளை எண்ண ஆரம்பித்தார். பதினேழாவது குமிழிக்கு வந்தபோது கடைக்காரர், “யோவ், வாங்க வந்தியா, சென்சஸ் எடுக்க வந்தியா?” என்று பிடுங்கி வைத்துவிட்டார். இன்னொரு கடையில் பட்டாளத்து பைனாகுலர். நல்ல சரக்கு, விலையும் படிகிற விலைதான். ஆனால் அதற்கு இரண்டு கண் வேண்டும். பாவாவுக்கு இடது கண்ணைத் திறந்து வைத்தால் எதைப் பார்க்கிறோம் என்பதே குழம்பிப்போகிறது. போதாததற்குக் கை நடுங்கியதில் எதிர்க் கட்டடமே கூத்தாடியது. அதுவும் வேண்டாம் என்று வந்துவிட்டார்.

பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் நாகேந்திரன்தான் ஒருநாள் டீக்கடையில் வைத்து விளக்கினார். “எத்தனை மடங்குன்னு சொல்றாங்களே, அதை நம்பாதீங்க. முன்பக்கக் கண்ணாடி எத்தனை அகலம்? வெளிச்சத்தை வாங்கறது அதுதான். அப்புறம் ஸ்டாண்டு. தொட்டா ஆடக்கூடாது. இது ரெண்டும் சரியா இருந்தா மிச்சதுக்கு அனுசரிச்சுப் போலாம்.”

பாவா இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டார். கடைசி வார்த்தையை மட்டும் எழுதிக்கொள்ளவில்லை. அனுசரித்துப் போவது அவர் பழக்கத்தில் இல்லை.

1983 மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த சமயத்தில், அரக்கோணத்தில் ஒரு சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்திய, வீட்டம்மாள் ஆஸ்திரேலியாவுக்குப் போவதற்காக வீட்டுச் சாமான்களை விற்கிறாள் என்று என் கணவர் செய்தி கொண்டுவந்தார். புருஷன் ரயில் இன்ஜின் ஓட்டியவர், இறந்துபோய்விட்டார். சாமான்களில் ஒரு தொலைநோக்கியும் இருக்கிறதாம். என் கணவர் சொன்ன செய்தி ஆனதால் பாவா இரண்டு நாள் நம்பவில்லை. மூன்றாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. போய்ப் பார்த்துவிட்டு மத்தியானமே ஒரு நீண்ட மூட்டையோடு வந்து இறங்கினார். இடது மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. கைக்கடிகாரத்தை அடமானம் வைத்துவிட்டுத்தான் எடுத்து வந்திருக்கிறார்.

“ஒரு வாரம் வெச்சுப் பாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை நானூறு ரூபா, இல்லாட்டி பெட்டி, ஏதோ ஒண்ணு இங்க வரணும். திங்கள்கிழமை நான் கிளம்பறேன்னாங்க” என்று சொன்னார். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டதற்கு அந்த அம்மாள், “மை ஹஸ்பெண்ட் மட்டும்தான் பாப்பான். நான் தூசிகூடத் தட்டினது இல்லே” என்று சொல்லிவிட்டாளாம்.

வெள்ளை பெயின்ட் அடித்த நீளக் குழாய். முன்பக்கக் கண்ணாடி இரண்டரை அங்குலம் இருக்கும். மூன்று கால் மர ஸ்டாண்டு கருங்கல் தூண் போல நின்றது. வாத்தியார் சொன்ன இரண்டும் சரி. கொல்லையில் நிறுத்தி, முதல் பார்வை சாமிக்கே இருக்கட்டும் என்று பாவா அதை மலைக்கோயில் கோபுரத்தின் பக்கம் திருப்பினார். குனிந்தார். இடது கண்ணை மூடினார். ரொம்ப நேரம் அசையவே இல்லை. பிறகு நிமிர்ந்து மலையை ஒரு தடவை பார்த்தார். மறுபடி குனிந்தார்.

“இன்னாங்க, தெரியுதா?” என்று அக்கா அவரை நகர்த்திவிட்டுத் தன் கண்ணை வைத்தாள். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “முருகா! ஐயய்ய, சாமியத் தலைகீழா தொங்க வுட்டுட்டீங்களே!”

கோபுரம் கீழ்நோக்கித் தொங்கியது. மலையும் மரங்களும் அப்படியே தொங்கின. பாவா குழாயை அரைவட்டம் திருகிப் பார்த்தார். கோபுரம் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு, முதுகைத் திருப்பி நின்று, தன் இரண்டு கால்களுக்கு நடுவே தலையை விட்டுப் பார்க்க முயன்றார். ஐம்பத்திரண்டு வயது. நாங்கள் சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டோம்.

முதல் முழத்திலேயே குறை தெரிந்துவிட்டால் மீதித் துணியை அவர் விரிக்க மாட்டார். சங்கத்தில் பதினெட்டு வருடப் பழக்கம் அது. வானத்தின் பக்கம் குழாயைத் திருப்பவேயில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புச் சீட்டை எடுத்தார். ‘உரு தலைகீழ். திருப்பி அனுப்புக’ என்று எழுதி நூலால் குழாயின் கழுத்தில் கட்டி, மேலே கோணியைப் போர்த்திவிட்டார். வாத்தியாரைக் கேட்கலாம் என்றால் அவர் கோடை விடுமுறைக்குத் தன் ஊருக்குப் போய்விட்டார்.

அன்று இரவு பாவா சாப்பிடவில்லை. அக்கா ஃபேன் கடைக்காரர் பெயரை இரண்டு முறை சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை மாலை. பாவா சங்கத்தில் இருந்தார், அக்கா மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் கோணியை எடுத்தேன். கிழக்கே தென்னை மரத்துக்கு மேலே நிலா வெளிறிப்போய் நின்றது. அதைக் குழாய்க்குள் பிடிக்கவே ரொம்ப நேரம் ஆயிற்று. பிடித்த பிறகு விட மனம் வரவில்லை. அம்மைத் தழும்பு போலக் குழிகள். ஓரத்தில் சாயம் துளிகூட ஓடவில்லை. நிலா தலைகீழாகத்தான் இருந்தது. வெறும் கண்ணால் பார்த்தால் மேலே இருந்த கறை, குழாயில் கீழே இருந்தது. ஆனால் அந்தத் தலைகீழ் நிலாவை நான் முன்பே பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது.

வியாழக்கிழமை பௌர்ணமி. நிலா எழும்பும்போது கவனித்தேன். அதன் கறையில் தெரியும் முயல் காதை மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை விடியற்காலை பாவுக்குக் கஞ்சி போடத் தெருவில் இறங்கியதும் மேற்கே பார்த்தேன். அதே முயல், காது கீழே தொங்க, தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தது. மாதாமாதம் விடியலில் பார்த்த முயல்தான். இரண்டையும் சேர்த்து வைத்து யோசித்ததுதான் இல்லை.

அக்காவிடம் சொன்னேன். மூன்று முறை சொன்னேன். “ஆங், சொல்றேன் சொல்றேன்” என்றாள். மோரில் உப்புக் கம்மி என்று நான் சொன்னதைச் சொன்னாள், எதிர்வீட்டு ஆடு கீரையைத் தின்றதைச் சொன்னாள், முயலை மட்டும் சொல்லவில்லை. கேட்டால், “இந்தப் புழுக்கத்துல முயலு ஒண்ணுதான் குறைச்சல்” என்று விசிறியால் தன் கழுத்தை விசிறிக்கொண்டாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. ஓட்டு வீட்டில் அந்த மே மாதம் அப்படி இருந்தது.

என் கணவர் பள்ளிப்பட்டில் விசைத்தறியில் வேலை. வாரக் கடைசியில்தான் வீடு. வெள்ளிக்கிழமை இரவு வந்தவரிடம் சொல்லி அனுப்பினேன். அவர் அண்ணன் எதிரில் போய், “அண்ணா, நிலாவே தலைகீழா நிக்குதாம்” என்றார்.

“நீ மொதல்ல நேரா நில்லுடா” என்றார் பாவா.

இருந்த இரண்டு வழியும் அடைத்துக்கொண்டது. ஞாயிறு காலை முதல் வண்டியில் தொலைநோக்கி அரக்கோணம் போய்விடும். திங்கள்கிழமை அந்த அம்மாள் கப்பலோ விமானமோ ஏறிவிடுவாள். அந்த விலையில் அப்படி ஒரு கண்ணாடி மறுபடி கிடைக்காது. பாவா செய்தித்தாள் படத்தின் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே ரிட்டையர் ஆக வேண்டியதுதான்.

சனிக்கிழமை சங்கத்தில் என் முறை வந்தது. துணியை மேசையில் வைத்தேன். இழை எண்ணினார், வெள்ளைச் சீட்டு எழுதினார், “அடுத்தது” என்றார். நான் நகரவில்லை.

பாவா கணக்கு எழுதும் வீரபத்திரனைப் பார்த்தார். “நூத்திப் பதினாலுக்குத்தான் வெள்ளைச் சீட்டு குடுத்தாச்சே. இன்னும் இன்னாவாம்?”

நான் தராசைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். “மறுபார்வை கேக்கணும்.”

மறுபார்வை என்பது எங்கள் சங்கத்து விதி. ஒரு சரக்கைத் தள்ளியது சரியில்லை என்று எந்த உறுப்பினரும் கேட்கலாம். கேட்டுவிட்டால் சரிபார்ப்பவர் அன்றைக்கே திரும்பப் பார்த்தாக வேண்டும்.

“பாஸான மாலுக்கு யாராச்சும் மறுபார்வை கேப்பாங்களாடா, வீரபத்திரா?”

“இந்த மாலுக்கு இல்லிங்க. வூட்ல சிவப்புச் சீட்டு கட்டி, கோணி போட்டு மூடி வெச்சிருக்கற மாலுக்கு.”

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற குப்பம்மாள், “அடியே, வாய் கீதா உனுக்கு! பதினோரு வருசமா ஊமைன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்!” என்று கூவினாள். வரிசை முழுவதும் முன்னால் நகர்ந்து வந்தது.

பாவாவின் காது சிவந்தது. “காரணம் கேளு வீரபத்திரா. காரணம் இல்லாம மறுபார்வை கிடையாது.”

“நிலா கிளம்பறப்போ முயலுக்குக் காது மேல இருக்குது. விடியக்காலம் எறங்கறப்போ அதே காது கீழ இருக்குது. நானே நேத்து பாத்தேன். ஒரு ராத்திரிக்குள்ள அதுவே தலைகீழா திரும்பிடுது. அங்க மேல் எது, கீழ் எது? நீங்க இத்தினி வருசமா லுங்கி பாக்கறீங்களே. ஒரு நாளாச்சும் இதுல தலைப்பக்கம் எதுன்னு கேட்டிருக்கீங்களா? எப்படிப் புடிச்சாலும் கட்டம் கட்டம்தானே. வானமும் அப்படித்தாங்க.”

“ஆமாம் சாமி,” என்றாள் குப்பம்மாள். “எங்க வூட்டுக்காரரு நாப்பது வருசமா எந்தப் பக்கம் மேலன்னு தெரியாமத்தான் கட்டிகினு திரியறாரு. ஒண்ணும் ஆவலை.”

பாவா எதிரில் கிடந்த என் லுங்கியை எடுத்து, இப்படித் திருப்பிப் பார்த்தார். அப்படித் திருப்பிப் பார்த்தார். இரண்டு கண்ணும் திறந்திருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

“விதியப் படி” என்றார்.

வீரபத்திரன் நோட்டைப் புரட்டினார். “கேட்ட உறுப்பினர் முன்னிலையில், நல்ல வெளிச்சத்தில், முழு நீளமும் விரித்துப் பார்க்க வேண்டும்.”

“இதுக்கு நல்ல இருட்டு இல்ல வேணும்” என்றாள் குப்பம்மாள்.

மாலை ஏழரை மணிக்குக் கொல்லையில் மறுபார்வை. நிலா இன்னும் எழவில்லை. என் கணவர் ஸ்டாண்டைத் தூக்கி நடுவில் வைத்தார். குப்பம்மாள் தானாகவே வந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். சனி எங்கே இருக்கிறது என்று பாவா பஞ்சாங்கத்தில் பார்த்து வைத்திருந்தார். சித்திரை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், மினுக்காமல் மஞ்சளாக நின்றது.

அக்காவுக்கு அதுதான் அடுத்த கலவரம். “கோயில்லயே சனீஸ்வரனுக்கு நேரா நின்னு கும்பிட மாட்டோம். சனிக்கிழமையும் அதுவுமா அவரத் தேடிப் போய் மூஞ்சிக்கு நேரா கண்ண வெக்கறாரு பாருங்க. ஏழரை மணி வேற! ஒக்காந்தே இருந்தவர எழுப்பி வூட்டுக்குக் கூட்டிகினு வராதீங்க!”

“நேரா எங்க பாக்கறாரு அண்ணி, தலைகீழா இல்ல பாக்கறாரு? அவருக்கு அடையாளமே தெரியாது” என்றார் என் கணவர்.

பாவா குனிந்தார். குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். பிறகு அசைவு நின்றது. சுவரோரத்தில் குப்பம்மாள் வெற்றிலை மடிப்பதைக்கூட நிறுத்திவிட்டாள். துணியில் குறை கண்டால் அவர் மூக்கால் ஒரு மூச்சு விடுவார். சங்கத்தில் அந்த மூச்சுக்குத்தான் எல்லாரும் பயப்படுவோம். அதற்காகக் காத்திருந்தோம். வரவில்லை.

“கரை இருக்குது” என்றார் மெதுவாக. கொஞ்சம் பொறுத்து, “சுத்தியும் கரை. நடுவுல உருண்டை ஒட்டாம தனியா நிக்குது. ரெண்டுக்கும் நடுவுல இருட்டு சுத்தமா தெரியுது. பிசிறு இல்லே.”

“தலைகீழா கீதா?” என்று கேட்டாள் குப்பம்மாள்.

பாவா யோசித்தார். “தெரியலை” என்று சொன்னார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நாங்கள் கேட்டதில்லை.

பிறகு குழாயை விட்டு விலகி, பத்தடி தள்ளிப் போய், துளசி மாடத்தைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நின்றுகொண்டார். “மறுபார்வை கேட்ட உறுப்பினர் பாத்து ஒப்புக்கணும். விதி அப்படி” என்று துளசியிடம் சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். காதுக் கம்மலைவிடச் சின்னதாக, ஆனால் செதுக்கி வைத்தாற்போல வளையத்தோடு நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல நகர்ந்து ஓரத்துக்குப் போய் மறைந்தது. நான் விலகினேன். அவர் வந்து சிவப்புச் சீட்டைப் பிரித்து, வெள்ளைச் சீட்டில் எழுதிக் கட்டினார். ‘உரு தலைகீழ். வான வேலைக்கு அது குறையல்ல.’ கீழே நானும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதிலிருந்து சங்கத்து நோட்டைத் தவிர வேறெங்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

ஞாயிறு காலை நானூறு ரூபாயை எடுத்துக்கொண்டு அரக்கோணம் போனார். கைக்கடிகாரத்தோடு திரும்பி வந்தார். அந்த அம்மாள் மேசை இழுப்பறையைக் காலி செய்யும்போது கிடைத்தது என்று ஒரு சின்னக் குழலையும் சும்மாவே கொடுத்திருந்தாள். கண் வைக்கும் இடத்தில் இதை மாட்டினால் எல்லாம் நேராகத் தெரியுமாம். பாவா மாட்டிப் பார்த்தார். கோபுரம் நேராக நின்றது.

“முருகா” என்றாள் அக்கா, இந்த முறை நிம்மதியாக.

ஆனால் பாவா அன்று மாலை அதை வைத்துச் சனியைப் பார்த்துவிட்டு மூக்கால் மூச்சு விட்டார். நடுவில் கண்ணாடிகள் கூடிப்போனதால் வெளிச்சம் குறைகிறதாம். கரையின் ஓரம் மங்குகிறதாம். “நேரா தெரிஞ்சா போதுமா? சுத்தமா தெரிய வேணாமா?” என்று தம்பியைப் பார்த்து வாதாடினார். ஒரு வாரத்துக்கு முன் தலைகீழ் என்று சாப்பிடாமல் படுத்தவர் இவர்தான்.

வேண்டாம் என்று அவர் ஒதுக்கிய குழலை அக்கா எடுத்துக்கொண்டாள். அதிலிருந்து வீட்டில் புதுத் தகராறு தொடங்கிவிட்டது. சாயந்தரம் வெயில் தாழ்ந்ததும் அக்கா கொல்லையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மலைப்படியில் ஏறுகிறவர்களைப் பார்க்க ஆரம்பிப்பாள். யார் வீட்டு மருமகள் யாரோடு வருகிறாள், எந்தக் காவடி எந்தப் படியில் மூச்சு வாங்குகிறது, மொட்டை போட்ட தலையில் எங்கெங்கே சந்தனம் விட்டுப்போயிருக்கிறது, எல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவாள். புழுக்கத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. கொல்லையில் காற்று வேறு வருகிறது.

பாவா சங்கத்திலிருந்து வந்து, கை கால் கழுவி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

“வரலட்சுமி, இருட்டிகினு வருது. சனி மேல வந்துடுச்சு.”

“அது எங்க ஓடிடப் போவுது? பச்சைப் புடவைக்காரி ஒருத்தி பாதிப் படியில செருப்பத் தேடறா. கெடைச்சுதான்னு பாத்துட்டுத் தரேன்.”

“சங்கத்துல ஒருத்தருக்கு அஞ்சு நிமிசம்தான் குடுப்பேன், தெரியுமா?”

“இது சங்கம் இல்லே. நில்லுங்க அப்படி.”

அவர் நின்றார். இடது கண்ணை மூடித் தயாராக வைத்துக்கொண்டு, மலைப்படியில் விளக்கு ஏற்றும் வரைக்கும் நின்றார்.